கேள்வி நேரம்: கல்லீரலில் பிரேக் போடும் செல்கள்

தெம்பனிஸ் வாசகி: என் கணவருக்குப் பல ஆண்டுகளாக ஹெப்படைட்டிஸ் பி. கல்லீரல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி ரத்த அளவு சரியாகத்தான் இருக்கிறது, வைரஸ் மட்டும் போகவில்லை. 2025 நோபல் பரிசுச் செய்தியில் வந்த ‘ஒழுங்குபடுத்தும் டி செல்’ என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுதான் வைரஸைக் காப்பாற்றுகிறதா?

ஓரளவு ஆமாம். இந்த வைரஸ் தானாகக் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை நம் கொல்லி டி செல்கள் தாக்கும்போதுதான் அது உடைந்து, உள்ளிருக்கும் ஏஎல்டி நொதி ரத்தத்தில் கசிகிறது. அந்தத் தாக்குதலுக்கு பிரேக் போடுவது ஒழுங்குபடுத்தும் டி செல். மற்ற டி செல்கள் பெருகத் தேவையான ஐஎல்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா என்ற அடக்கும் புரதங்களைச் சுரந்து அக்கம்பக்கத்தை அடக்கும். நாள்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் இவை கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. ரத்த மாதிரியிலிருந்து இவற்றை நீக்கியதும் மீதி டி செல்கள் வைரஸுக்கு எதிராகச் சுறுசுறுப்பாயின.

அதற்காக முழுப் பழியையும் இதன் தலையில் போட வேண்டாம். வைரஸின் மேலுறைப் புரதமான மேற்பரப்பு ஆன்டிஜென் ஓயாமல் கொட்டுவதால் கொல்லி டி செல்களே களைத்துப்போகின்றன. வைரஸின் டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குள் மூடிய வளையமாக ஒளிந்துகொள்கிறது. தொற்றிய வயதும் முக்கியம்: பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 விழுக்காட்டினருக்கு நோய் நிலைத்துவிடும், பெரியவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. சிங்கப்பூரில் 1987லேயே எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் தடுப்பூசி வந்துவிட்டது நம் அதிர்ஷ்டம்.

ஈசூன் வாசகர்: இந்த செல்லை அளக்க ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

பணத்தை வீணாக்காதீர்கள். அடையாளப் புரதமான ஃபாக்ஸ்பி3 செல்லுக்குள் இருப்பதால், செல்லைப் பதப்படுத்தி, சவ்வில் துளையிட்டுத்தான் சாயமேற்ற முடியும். அதிலும் ஒரு வம்பு: தூண்டப்பட்ட சாதாரண டி செல்லும் கொஞ்ச நேரம் ஃபாக்ஸ்பி3 காட்டும். அதனால் மேற்பரப்பில் சிடி25 என்ற புரதம் மிகுந்து, சிடி127 என்ற புரதம் குறைந்த செல்லையும் சேர்த்துத் தேடுகிறார்கள். நோயில்லாதவருக்கே சிடி4 டி செல்களில் (உதவி டி செல் வகை) சுமார் 5 முதல் 10 விழுக்காடு இவைதான். உங்களுக்கு 8 என்று வந்தால் மருத்துவர் என்ன செய்வார்? ரத்தத்தில் இருப்பது கல்லீரலில் நடப்பதையும் அப்படியே காட்டாது. ஏஎல்டி, வைரஸ் டிஎன்ஏ, மருத்துவர் சொன்னால் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட்: இவற்றைத் தவறவிடாதீர்கள்.

ஜூரோங் வாசகர்: அந்த பிரேக்கை எடுத்துவிட்டால் வைரஸ் ஓடிவிடாதா? எதிர்ப்புச் சக்தி கூட, மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி சாப்பிடலாமா?

பிரேக் போனால் கல்லீரலே அடிவாங்கும். புற்றுநோய்க்கு இபிலிமுமாப் போன்ற மருந்து கொடுத்து இதுபோன்ற நோயெதிர்ப்பு பிரேக்கைத் தளர்த்தும்போது, சிலருக்குக் கல்லீரல் அழற்சி வருவது தெரிந்த பக்கவிளைவு.

கீழாநெல்லிக்கு 1988ல் சென்னை ஆய்வு ஒன்று நல்ல பலன் காட்டியது உண்மை. பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹெப்படைட்டிஸ் பி மாத்திரைகளான எண்டெகாவிரோ டெனோஃபோவிரோ நின்ற சில வாரங்களிலோ மாதங்களிலோ வைரஸ் பெருகி, ஏஎல்டி எகிறி, கல்லீரல் செயலிழந்தவர்களும் உண்டு. எண்டெகாவிர் என்றால் வெறும் வயிற்றில்: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பு. ராத்திரி படுக்கும்போது போட்டால் மறக்காது. மூட்டுவலிக்கோ தோலுக்கோ வேறு மருத்துவர் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் எழுதினால், ஹெப்படைட்டிஸ் பி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடங்கிக் கிடந்த வைரஸ் அதில் மறுபடி கிளம்பலாம்.