நீட் உயிரியல்: மூன்று முறை வாசித்தும் மதிப்பெண் ஏறவில்லையா?

கேள்வி: சார், கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறேன். வருகிற மே மாதம் நீட் எழுத வேண்டும். தெரிந்த அக்கா ஒருவரிடம் என்சிஇஆர்டி உயிரியல் புத்தகங்களை வாங்கி மூன்று முறை முழுதாக வாசித்துவிட்டேன். முக்கியமான வரிகளில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் உயிரியலில் 360க்கு 190தான் வருகிறது. 53 சரி, 22 தப்பு, 15 எழுதவில்லை. வரிக்கு வரி மனப்பாடம் செய்தால்தான் முடியும் என்கிறார்கள். அப்படித்தான் படிக்க வேண்டுமா? பள்ளிப் புத்தகத்தை ஒதுக்கிவிடலாமா? உயிரியலுக்கே நேரமெல்லாம் போனால் இயற்பியலுக்கு என்ன செய்வது?

பதில்: எத்தனை சரி, எத்தனை தப்பு என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் குறை எங்கே இருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல முடிகிறது. வரிக்கு வரி மனப்பாடம் வேண்டாம். நான்காவது முறை வாசிப்பதும் வேண்டாம். நீங்கள் குறைவாக வாசிக்கவில்லை. வாசித்ததைப் புத்தகம் இல்லாமல் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை, அதுதான் குறை.

மூன்றாவது முறை புரட்டும்போது ஒவ்வொரு பக்கமும் பழகின முகமாகத் தெரியும். 'இது எனக்குத் தெரியுமே' என்று மனம் சொல்லும். ஆனால் தேர்வு அறையில் அந்தப் பக்கம் கண் முன்னால் இருக்காது. நான்கு விடைகளும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்; நான்குமே எங்கோ பார்த்த சொற்களாக இருக்கும். அங்கேதான் 22 தப்பு விழுகிறது.

இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். சிலரை அதையே மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை, பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அன்றைக்கு ராத்திரி தெரிகிற பாடம் அடுத்த வாரம் காணாமல் போவது இதனால்தான். அது உங்கள் ஞாபகசக்தியின் கோளாறு இல்லை.

சரி, எப்படி மாற்றுவது? ஒரு தலைப்பை, அதாவது மூன்று நான்கு பக்கங்களை, நிதானமாக ஒரு முறை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். படம் இருந்தால் வரைந்து பாகங்களைக் குறியுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் வேறு நிற மையில் சேருங்கள். அந்த வேறு நிற வரிகள்தான் உங்களுக்கு வேண்டிய குறிப்பு. மஞ்சள் கோட்டைவிட இது பல மடங்கு பயன் தரும். ஏனென்றால் எது முக்கியம் என்பதைக் கோடு காட்டுகிறது. எது உங்களுக்கு வரவில்லை என்பதை இந்தத் தாள் காட்டுகிறது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், தாள் பாதி காலியாகவே கிடக்கும். விடாதீர்கள்.

இனி, ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று ஓர் உதாரணம். பன்னிரண்டாம் வகுப்பில் பூக்கும் தாவரங்களின் பாலினப்பெருக்கப் பாடத்தில், 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவரங்களில் மகரந்தத்தூள் இரண்டு செல் நிலையில் வெளியேறுகிறது என்று ஒரு செய்தி வருகிறது. அதை அப்படியே மனப்பாடம் செய்தால் ஒரு வினாவுக்குத்தான் விடை தெரியும். அந்த வரியையே கேள்வி கேளுங்கள். அந்த இரண்டு செல்கள் எவை? பெரிய உடலச் செல், சிறிய உருவாக்கச் செல். மீதித் தாவரங்களில் என்ன நடக்கிறது? வெளியேறும் முன்பே உருவாக்கச் செல் பிரிந்து இரண்டு ஆண் கேமீட்களைத் தருகிறது. ஆகவே மூன்று செல் நிலை. அந்தப் பிரிவு மைட்டாசிஸா, மியாசிஸா? மைட்டாசிஸ். இரண்டு செல் நிலையில் வெளியேறினால் அந்தப் பிரிவு எங்கே நடக்கும்? சூலகமுடியில் விழுந்து மகரந்தக்குழாய் வளரும்போது. ஒரே வரியில் நான்கு வினாக்கள் கிடைத்துவிட்டன. இதில் 'மைட்டாசிஸ்' என்ற இடத்தில் 'மியாசிஸ்' என்று மாற்றி வைத்தால் அது தப்பான கூற்று. இரண்டு கூற்றுகளைக் கொடுத்து எது சரி எது தவறு என்று கேட்கும் வினாக்களில் பல இப்படி ஒரு சொல்லை மாற்றித்தான் அமைகின்றன. 'எல்லா', 'பெரும்பாலான', 'தவிர', 'மட்டும்' போன்ற சொற்கள் வருகிற இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள்.

எண்களுக்கு வேறு வழி. தனித்தனியாக நெட்டுருப் போட்டால் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிறக்க வைத்தால் நிற்கும். ஒரு துடிப்பில் இதயத்தின் ஒரு வென்ட்ரிக்கிள் (கீழறை) வெளித்தள்ளும் இரத்தம் சுமார் 70 மில்லி. நிமிடத்துக்கு 72 துடிப்பு. பெருக்கினால் 5040 மில்லி, அதாவது ஏறக்குறைய 5 லிட்டர். இதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது: நிமிடத்துக்கு 1100 முதல் 1200 மில்லி என்று புத்தகம் சொல்வது அதைத்தான். அந்த இரத்தத்திலிருந்து நிமிடத்துக்கு 125 மில்லி வடிகிறது. நாளுக்கு 1440 நிமிடம்; பெருக்கினால் 180 லிட்டர். வெளியேறும் சிறுநீர் 1.5 லிட்டர்தான். அப்படியானால் 99 சதவீதம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. இரத்த ஓட்டம், கழிவுநீக்கம் என்று இரண்டு பாடங்களின் எண்கள் ஒரே கயிற்றில் கோத்தாயிற்று.

சுவாசப் பாடமும் இதே மாதிரிதான். மூச்சுக்காற்று அளவு 500 மில்லி, உட்சுவாச சேமிப்பு 2500 முதல் 3000, வெளிச்சுவாச சேமிப்பு 1000 முதல் 1100, எஞ்சிய கொள்ளளவு 1100 முதல் 1200. இந்த நான்கு போதும். செயல்பாட்டு எஞ்சிய கொள்ளளவு எவ்வளவு என்று கேட்டால் கடைசி இரண்டையும் கூட்டுங்கள்: 2100 முதல் 2300.

தாவரவியலைப் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் ஆதங்கம் உண்டு. உயிரியலின் 90 வினாக்களில் ஏறக்குறைய பாதி தாவரவியல். அதோடு, நம் ஊரில் அதைப் படிக்கப் புத்தகத்தைத் தாண்டியும் வழி இருக்கிறது. வீட்டுப் பக்கத்தில் ஒரு செம்பருத்தி இருக்குமே, அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், ஐந்து இதழ் உள்ளது. இலைகளைப் பாருங்கள்: ஒரு கணுவுக்கு ஒன்று, மாற்றிலை அமைவு. மொட்டைப் பாருங்கள்: ஓர் இதழின் ஓரம் அடுத்த இதழ்மேல் ஏறி, வரிசையாகத் திருகியிருக்கும். மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒரே குழாயாக ஒட்டியிருக்கும், ஒருகற்றை. சூற்பை மற்றப் பாகங்களுக்கு மேலே இருக்கிறது, மேல்மட்டச் சூற்பை. பிளேடால் குறுக்கே வெட்டினால் சூல்கள் நடு அச்சில் ஒட்டியிருக்கும். புத்தகத்தில் ஐந்து வெவ்வேறு இடங்களில் உதாரணமாக வரும் செம்பருத்தி, கையில் ஒரே பூவாக வந்துவிட்டது. மால்வேசி குடும்பத்தின் முக்கியப் பண்புகளும் இவைதான். தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட நீட் பாடத்திட்டத்தில் மால்வேசி பெயர் சொல்லியே இருக்கிறது; என்சிஇஆர்டி புத்தகத்தில் அதற்கென்று தனி விளக்கம் கிடையாது.

பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முந்திரி ஏன் பொய்க்கனி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை, பழத்தையும் கொட்டையையும் தனித்தனியே பார்த்து வளர்ந்தவர்கள். ஆப்பிள், ஸ்ட்ராபெரி, முந்திரி மூன்றிலும் பூத்தளமும் கனியாவதில் பங்கெடுக்கிறது. புத்தகம் இந்த மூன்றையும் ஒரே வரியில் சொல்கிறது. இளநீர் குடிக்கும்போது, இந்தத் தண்ணீர் செல் சுவர் இல்லாமல் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் மிதக்கும் கருவூண், வழுக்கை செல்களால் ஆன கருவூண் என்று ஒரு முறை சொல்லிக்கொள்ளுங்கள். அது போதும், மறக்காது.

பள்ளிப் புத்தகத்தை விடவே கூடாது. முதலில், மார்ச் மாதப் பொதுத்தேர்வு அதிலிருந்துதான். அடுத்து, ஒரு கருத்து தமிழில் தெளிவாகப் புரிய அதுவே நல்ல வழி. முதலில் தமிழில் உங்கள் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் நூல்களில் அந்தத் தலைப்பைப் படியுங்கள். புரிந்த பிறகு என்சிஇஆர்டிக்குப் போங்கள். எண்ணிலோ உதாரணத்திலோ இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் நீட்டுக்கு என்சிஇஆர்டி சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டிப் பாகூர்ப் பக்கம் போனால், புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் அங்குள்ளவர்களுக்குப் பள்ளிப் புத்தகமே என்சிஇஆர்டிதான். உங்களுக்கு இரட்டை வேலை, உண்மைதான். ஆனால் ஒரே கருத்தை இரண்டு விதமாகப் படிப்பதால் பிடிப்பு கூடும். அதைச் சுமையாக மட்டும் நினைக்காதீர்கள்.

தமிழில் தேர்வு எழுத விண்ணப்பித்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வினாவே இறுதியானது. அதனால் ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரண்டு மொழியிலும் பழகுங்கள். தமிழ் வாக்கியம் இடறினால் உடனே பக்கத்து ஆங்கில வரியைப் பாருங்கள்.

அக்காவிடம் வாங்கிய புத்தகம் எந்தப் பதிப்பு என்று இன்றைக்கே பாருங்கள். பழைய பதிப்பில் இரண்டு வகுப்புக்கும் சேர்த்து 38 பாடங்கள் இருந்தன. குறைக்கப்பட்ட பதிப்பில் 19ம் 13ம் சேர்த்து 32. செரித்தல், தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம் போன்ற பாடங்கள் போய்விட்டன. மற்றப் பாடங்களுக்கு உள்ளேயும் பல பத்திகள் இல்லை. புதிய பதிப்பு என்சிஇஆர்டி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நடப்பு ஆண்டின் அதிகாரபூர்வப் பாடத்திட்டத்தையும் இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாமல் பாடத்திட்டத்தில் இருப்பவற்றுக்குத் தலைப்புக்கு ஒரு பக்கம் குறிப்பு எழுதினால் போதும்.

அந்த 22 தப்புக்கு வருவோம். ஒவ்வொரு தப்பும் வரவேண்டிய நான்கைக் கெடுத்து, இருப்பதில் ஒன்றையும் எடுத்துக்கொள்கிறது. பாதியை, அதாவது 11ஐச் சரியாக்கினாலே 55 மதிப்பெண் கூடி 245 ஆகிவிடும். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். அந்தப் பகுதியைப் படிக்கவே இல்லையா, படித்தும் இரண்டு விடைகளுக்கு நடுவில் தடுமாறினீர்களா, அல்லது 'தவறானது எது' என்று கேட்டதைச் 'சரியானது எது' என்று வாசித்துவிட்டீர்களா? உங்கள் அளவு வாசித்தவர்களுக்கு இரண்டாவது வகைதான் அதிகம் இருக்கும். அப்படித் தடுமாறிய ஜோடிகளை, ஒருவித்திலைத் தண்டும் இருவித்திலைத் தண்டும், விந்துசெல் உருவாக்கமும் அண்டசெல் உருவாக்கமும் என்று, எதிரெதிரே வைத்து வேறுபாட்டை மட்டும் எழுதுங்கள். இந்த நோட்டை ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கு முன்னும் ஒரு முறை பாருங்கள்.

ஒரு பாடம் முடிந்ததும் முந்தைய ஆண்டு வினாக்களில் அந்தப் பாடத்துக்கு உரியதைப் போட்டுப் பாருங்கள். மறுநாள், நான்கு நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளி விட்டு, புத்தகத்தைத் திறக்காமல் அதே பாடத்தை எழுதிப் பாருங்கள். முதல் முறை ஒன்றரை மணி நேரம் எடுப்பது நான்காவது முறை இருபது நிமிடத்தில் முடியும்.

இயற்பியல் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. காலையில் மனம் தெளிவாக இருக்கும் ஒரு மணி நேரத்தை இயற்பியல் கணக்குக்கு ஒதுக்குங்கள். அதை உயிரியலுக்குக் கொடுக்காதீர்கள். தேர்வில் மொத்தம் 180 வினா, 180 நிமிடம். உயிரியலை முதலில் எடுத்து 50 நிமிடத்துக்குள் 90 வினாவையும் முடிக்க மாதிரித் தேர்வுகளிலேயே கடிகாரம் வைத்துப் பழகுங்கள். ஐயமுள்ளவற்றைக் குறித்துவிட்டு நகருங்கள். அப்படிச் செய்தால் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 130 நிமிடம் மிச்சமாகும், விடைத்தாளில் வட்டம் நிரப்பும் நேரமும் அதில் அடங்கும்.

ஆறாம் வகுப்பிலிருந்து தமிழக அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், 2020 முதல் நடைமுறையில் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உங்களுக்கு உண்டு. அதற்கான படிப்புச் சான்றிதழ்களை, ஆறிலிருந்து எட்டு வரை வேறு பள்ளியில் படித்திருந்தால் அங்கேயும் போய், இந்த அரையாண்டு விடுமுறைக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அதற்காக அலைய வேண்டாம்.