கண்மாய் பச்சையாவதற்கு வயலில் இடும் டிஏபி காரணமா?

கேள்வி: மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தில் இரண்டு ஏக்கரில் நெல் பயிரிடுகிறேன். ஏக்கருக்கு இரண்டு மூட்டை டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) இடுகிறேன். ஒன்று அடியுரமாக, மற்றொன்று நட்ட இருபதாம் நாள் நிற்கும் தண்ணீரில். கோடையில் ஆட்டுக்கிடையும் போடுவதுண்டு. மாட்டுச் சாணக் குவியல் வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. எங்கள் வயல்களுக்குக் கீழே உள்ள கண்மாய் பச்சைப் பசேலென்று மாறி, மீன்கள் செத்து மிதக்கின்றன. எங்கள் உரம்தான் காரணம் என்கிறார் கண்மாயில் மீன்பிடிக்கக் குத்தகை எடுத்தவர். அது உண்மையா? உரத்தைக் குறைத்தால் விளைச்சல் குறையாதா?

பதில்: குத்தகைதாரர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஊரின் சாக்கடையும் சலவைத்தூள் கலந்த நீரும் அதே கண்மாயில் சேருமானால் அவற்றுக்கும் பங்கு உண்டு. எனினும் உங்கள் கையால் உடனே நிறுத்தக்கூடியது அந்த இரண்டாவது மூட்டைதான், அதை நிறுத்துவதால் விளைச்சல் குறையாது.

டிஏபியில் மிகுதியாக உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ் அடங்கிய சத்து) மண்ணைவிட்டு நகராது என்று உழவர்கள் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல அது எளிதில் நீரோடு கீழே இறங்கிவிடுவதில்லை; செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், கரிசலில் சுண்ணாம்போடும் பிணைந்து நின்றுவிடுகிறது. ஆனால் அது பிணைந்திருக்கும் மண்துகளே வயலைவிட்டு வெளியேறும்போது கூடவே அதுவும் வெளியேறுகிறது. தொளி உழவு (நீர் நிறுத்திச் சேறாக்கும் உழவு) முடித்த கையோடு கலங்கல் நீரை வடிப்பவர்கள் வயலின் மிகச் சத்தான, மிக நுண்ணிய மண்ணையே அனுப்பிவிடுகிறார்கள். நிற்கும் நீரில் டிஏபியைத் தூவினால் இழப்பு இன்னும் நேரடியானது. மண்ணுக்குள் செல்லாமல் நீரில் கரைந்து நிற்கும் அந்தச் சத்து, அடுத்த நாள் மழை பெய்து வரப்பு வழிந்தாலோ, மேல்வயல்காரர் மடையைத் திறந்து உங்கள் வயல் வழியாகத் தண்ணீர் பாய்ச்சினாலோ, வாய்க்காலுக்குப் போய்விடும்.

அளவைப் பாருங்கள். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. தூய பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 10 கிலோ. அதில் நூறில் ஒரு பங்கான 100 கிராம் மட்டும் கண்மாயில் சேர்ந்தாலும், 33 லட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்ற அளவை எட்டிவிடும். தேங்கிய நீரில் பாசி பெருக ஏறக்குறைய அவ்வளவே போதும். நம் பகுதியில் ஓர் ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டு (அதன் நீரில் பாசனம் பெறும் நிலம்) அடுத்த கண்மாயின் நீர்ப்பிடிப்பாகவும் இருப்பதால், மேலிருந்து வடியும் சத்தெல்லாம் கீழ்க்கண்மாயில்தான் சேர்கிறது. பெருகிய பாசி இரவில் மூச்சுவிடும்போதும், மடிந்து அழுகும்போதும் நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. விடியும் முன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுகின்றனவா என்று குத்தகைதாரரிடம் கேளுங்கள். அப்படியானால் சாவுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

விளைச்சலைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 50 கிலோ, அதாவது ஏக்கருக்கு 20 கிலோ. ஒரு மூட்டை டிஏபியே இதற்கு மேல் தந்துவிடுகிறது. நீங்கள் இடுவது 46 கிலோ. மேலும், நீர் தேங்கிய மண்ணில் காற்று குறைந்து, இரும்போடு பிணைந்திருந்த பழைய மணிச்சத்தும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. இருபதாம் நாளில் பயிர் குன்றி, இலையில் துருநிறப் புள்ளிகள் தெரிவதைப் பார்த்துத்தான் இரண்டாவது மூட்டையைப் போடுகிறீர்கள் என்றால், அது துத்தநாகப் பற்றாக்குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். மிகையான மணிச்சத்து அந்தக் குறையை மேலும் கூட்டும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் இடுங்கள். டிஏபியோடு சேர்த்துக் கலக்க வேண்டாம்.

அடியுரமான ஒரு மூட்டையைக் கடைசி உழவில், நீரை மிகக் குறைத்து, சேற்றோடு கலக்கும்படி இடுங்கள். அதற்குப் பின் ஒரு வாரத்துக்கு வாய்மடையை அடைத்து வையுங்கள். உரமிடும் நாளைத் தீர்மானிக்கும்போது வானிலை அறிவிப்பையும் பாருங்கள், ஏனெனில் ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் வரப்பு வழியும் மழை நமக்குப் புதிதல்ல. வரப்பை உயர்த்திக் கட்டுவது செலவு குறைந்த நல்ல காப்பு. தொளி அடித்த கலங்கல் நீரை வடிக்கவே வேண்டாம்.

கிடையை நான் விடச் சொல்ல மாட்டேன். நம் மண்ணுக்கு அது பெரும் நன்மை. ஆனால் ஆட்டுப் புழுக்கையிலும் மணிச்சத்து இருக்கிறது. கிடை போட்ட நிலத்தைக் கோடை மழைக்கு முன்பே உழுது மூடிவிடுங்கள். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் இட்டால் அதிலேயே சுமார் 10 கிலோ மணிச்சத்து வந்துவிடுவதால், அந்த ஆண்டு அரை மூட்டை டிஏபி போதும். டிஏபியைக் குறைக்கும்போது அதோடு குறையும் தழைச்சத்தை யூரியாவில் ஈடுசெய்ய மறவாதீர்கள். கோழி எரு வாங்குபவராக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதில் ஒரு டன்னிலேயே ஏறத்தாழ ஒரு மூட்டை டிஏபிக்கு இணையான மணிச்சத்து இருக்கக்கூடும். சாணக் குவியலை வாய்க்கால் ஓரத்திலிருந்து இந்த மழைக்கு முன்பே மேட்டுக்கு மாற்றி, சுற்றிலும் சிறு கரை கட்டி, தென்னங்கீற்றால் மூடுங்கள்.

அறுவடை முடிந்ததும், எரு இடுவதற்கு முன், வயலின் பல இடங்களிலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிடைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்று வந்தால், பொது அளவிலும் கால் பங்கைக் குறைக்கலாம்.

நீங்கள் எல்லாவற்றையும் சரிசெய்தாலும் கண்மாய் உடனே தெளியாது. அடிச்சேற்றில் தங்கிய சத்து, ஆக்சிஜன் குறையும் போதெல்லாம் மீண்டும் நீருக்கு வரும். கோடையில் கண்மாய் வற்றும்போது முறையான அனுமதி பெற்று அந்த வண்டலை வயலுக்கு அடியுங்கள். அதுவரை, பச்சைப் படலம் மிதக்கும் கரையில் மாடுகளைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்; நீலப்பச்சைப் பாசிகளில் சில, மாட்டைக் கொல்லுமளவுக்கு நஞ்சுடையவை.