யுரேனியத்துக்கு எக்ஸ்ரே எடுத்தா என்ன தெரியும்?

கேள்வி: யுரேனியத்தோட எலக்ட்ரானை எக்ஸ்ரே வச்சு ஆராயறாங்களாமே, கை உடைஞ்சா எடுக்கிற அதே எக்ஸ்ரேவா சார்?
– பிஎஸ்சி பிசிக்ஸ் வாசகி

பதில்: ஒளி அதே ஜாதிதாம்மா, வேலைதான் வேற. யுரேனியத்துல 92 எலக்ட்ரான் இருக்கு, அதுல வம்பு பண்றது 5எஃப்ங்கற அடுக்குல இருக்கிற கூட்டம், அணுவோடயே ஒட்டிக்கிட்டும் இருக்காது, பக்கத்து ஆக்சிஜனோட முழுசா கலந்துடவும் செய்யாது, சரியான ரெண்டுங்கெட்டான். சுமார் 3,730 எலக்ட்ரான்வோல்ட் (எனர்ஜியை அளக்கிற அலகு) எக்ஸ்ரே அடிச்சா உள் அடுக்கான 3டியில கிடக்கிற எலக்ட்ரான் ஒண்ணு தாவி இந்த 5எஃப்ல காலியா இருக்கிற இடத்துல போய் உக்காரும், எந்த எனர்ஜியில தாவுதுன்னு பாத்தா 5எஃப் நிலவரம் தெரிஞ்சிடும். சிக்கல் என்னன்னா அது விட்டுட்டு வந்த ஓட்டை கண் சிமிட்டறதுக்குள்ள மூடிக்கும் (கண் சிமிட்டல்கூட ரொம்ப ரொம்ப நீளம்!), அதனால கோடு மங்கலா வரும். அதுக்குத்தான் ஓட்டை மூடும்போது திரும்ப வெளிய வர்ற எக்ஸ்ரேல ஒரு குறிப்பிட்ட எனர்ஜியை மட்டும் கிரிஸ்டல் வச்சு பொறுக்கி எடுக்கறாங்க, கோடு பளிச்னு பிரியும்.

எனக்குப் பிடிச்ச கேஸ் யு3ஓ8, மூணு யுரேனியமும் எட்டு ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு. ஒவ்வொரு ஆக்சிஜனும் 2 மைனஸ், அதனால எட்டுக்கும் ஈடு கட்ட மொத்தம் 16 பிளஸ் வேணும், மூணு யுரேனியத்துக்கு 4, 6, 6ன்னு போட்டாலும் கணக்கு சரி, 5, 5, 6ன்னு போட்டாலும் சரி, பேப்பர்ல எப்படி முடிவு பண்றது? பிரான்ஸ்ல கிரெனோபிள் ஊர்ல இருக்கிற சிங்க்ரோட்ரான்ல (பலமான எக்ஸ்ரே தர்ற பெரிய மெஷின்) இந்த முறையில அளந்து 2013ல வெளியிட்டாங்க, 5, 5, 6தான். நாலு அங்க இல்லவே இல்ல.