கொரோனா காலத்தில் நண்பர்களோடு சேர்ந்து தோட்டம் போட்டது பாதுகாப்பானதா?

பெருமளவு ஆமாம். மூச்சோடு வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் மிதந்து தேங்கும். திறந்தவெளியில் காற்று அவற்றைக் கலைத்துவிடும். ஆபத்து நன்றாகக் குறையும், அறவே போகாது. அதனால் முகக்கவசமும் ஆறடி இடைவெளியும் அப்போது எங்களுக்கும் இருந்தன.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது சென்னையில் எங்கள் குடியிருப்பில் நான்கு வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியைப் பங்கு போட்டுக்கொண்டோம். முதலில் விதைதான் கைமாறியது: காகிதப் பொட்டலத்தில் கட்டிக் கதவுப்பிடியில் தொங்கவிடுவோம். ஆடிப்பட்டம் வந்ததும் சாயங்காலம் ஐந்தரைக்கு மேலே ஏறினோம். மூலைக்கு ஒருவர். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு செடியை வாட்டிவிடும். என் முதல் கத்தரி நாற்றுகள் அப்படித்தான் போயின.

வெண்டைதான் கைகொடுத்தது. 45 நாளில் முதல் பறிப்பு. அதன் சுனை கையில் அரித்தாலும் பிஞ்சை ஒடிக்கும்போது கேட்கும் 'டக்' சத்தத்துக்காகவே யார் பறிப்பது என்று சண்டை வரும். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிப்போம்.

உண்மையைச் சொன்னால், பாதி நேரம் யாரும் வேலை செய்யவில்லை. கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து, அடுத்த மூலைக்குக் கேட்கிற மாதிரி கத்திப் பேசிக்கொண்டிருந்தோம்.