டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜைக் கற்பனை விளையாட்டில் வரும் படகுப் பயண விதிகள் நிஜத்துக்கு எவ்வளவு பக்கம்?

கேட்டவருடைய சிக்கல் இது: அவருடைய குழு ஆற்றை எதிர்த்து 120 மைல் போக வேண்டும். விதிப்புத்தகப்படி கணக்குப் போட்டால் படகை விட நடையே வேகமாக இருக்கிறது. இது நம்புகிற மாதிரியா?

எதிர்நீரில் என்றால் பெரும்பாலும் அப்படித்தான். நான் யாங்கோனில் இருப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் கூடி இந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறோம், கதையை நடத்தும் டிஎம் நான்தான். இந்த விதியைப் பற்றி எங்கள் மேஜையில் நடக்காத சண்டை இல்லை.

புத்தகத்தில் துடுப்புப் படகுக்கு மணிக்கு 1.5 மைல், கீல்போட் என்கிற பெரிய ஆற்றுப் படகுக்கு 1 மைல், பாய்க்கப்பலுக்கு 2 மைல். நடப்பவனுக்கு 3 மைல். எல்லாரும் இங்கேதான் சிரிப்பார்கள். ஆனால் நடப்பவன் எட்டு மணி நேரம் நடந்து 24 மைலில் படுத்துவிடுவான். ஆள் மாற்றி ஓட்டினால் கப்பல் இரவிலும் போகும், ஒரு நாளைக்கு 48 மைல். ஆற்றோடு போனால் நீரோட்டத்துக்கு என்று 3 மைல் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது புத்தகம். எதிர்த்து என்றால் துடுப்பு உதவாது, கரையில் மாடோ குதிரையோ கட்டி இழுக்க வேண்டும் என்கிறது. இதெல்லாம் நியாயமான பேச்சு. கடலில் நல்ல காற்று கிடைத்த பாய்க்கப்பலுக்கு 2 மைல் என்பது மட்டும் கஞ்சத்தனம்.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. அந்த அட்டவணைக்கு மாதம் தெரியாது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் தெரியாது.

எங்கள் ஐராவதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. மழைக்காலத்தில் தென்மேற்குக் காற்று அதற்கு நேர் எதிராக, ஆற்றின் மேல்பக்கம் பார்த்து அடிக்கும். அந்தக் காலத்துப் படகுக்காரர்கள் பாயை விரித்து மேலே ஏறினார்கள், பாயைச் சுருட்டிவிட்டு நீரோட்டத்தோடு கீழே இறங்கினார்கள். மாடு தேவைப்படவில்லை. மாடு இல்லாமல் 'முடியாது' என்று விதிப்புத்தகம் சொல்கிற பயணம் இங்கே வருஷா வருஷம் நடந்தது.

கோடையில் அதே ஆறு வேறு ஆளாகிவிடும். மாண்டலேயில் வெள்ளத்துக்கும் வற்றலுக்கும் ஏறக்குறைய 10 மீட்டர் வித்தியாசம். போன வருஷம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருஷம் மணல்திட்டு நிற்கும். அதனால் படகின் மூக்கில் ஒருவர் சிவப்பும் வெள்ளையும் பூசிய மூங்கில் கழியோடு நிற்பார். கழியை நீரில் குத்தி, எடுத்து, ஆழத்தைக் கத்திச் சொல்வார், மறுபடி குத்துவார். சுக்கான் பிடிப்பவருக்கு அந்தக் குரல்தான் வரைபடம். இருட்டிவிட்டால் கரையோரம் கட்டிப்போட்டுவிடுவது வழக்கம். ஆகவே 24 மணி நேரக் கணக்கு கடலுக்குச் சரி, ஆற்றுக்கு ஆகாது.

அப்புறம் கடல் ஏற்றவற்றம். அனுபவித்துப் பார்க்கலாமே என்று ஒருநாள் நானும் நண்பனும் யாங்கோன் ஆற்றின் மறுகரையில் இருக்கும் டலா பக்கம் போய், மோட்டார் இல்லாத சம்பான் என்கிற சின்ன மரப்படகுதான் வேண்டும் என்று அடம் பிடித்தோம். ஓட்டுகிற பெரியவர் தண்ணீரைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் டீ குடித்துவிட்டு வாங்க தம்பி" என்று பர்மியத்தில் சொன்னார். எங்களுக்கு அவசரம். எதிர்க்கரை கண்ணெதிரே இருக்கிறதே, எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்தோம். நடு ஆற்றில்தான் புரிந்தது. நீர் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. அவர் மூக்கை மேல்பக்கம் திருப்பிச் சாய்வாகத்தான் ஓட்டினார், ஆனாலும் நாங்கள் இறங்க வேண்டிய துறை எங்களைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டே இருந்தது. கீழே எங்கேயோ கரை ஒதுங்கி, கரையை ஒட்டியே தட்டுத்தடுமாறி மேலே வந்தோம். டீ குடித்திருந்தால் அதற்கு முன்னாலேயே வந்திருப்போம். நண்பன் இன்றைக்கும் இதைச் சொல்லிக் காட்டுகிறான்.

அதன் பிறகு என் மேஜையில் வேக அட்டவணையை மாற்றவில்லை, கிளம்புவதற்கு முன் மூன்று கேள்வி மட்டும் சேர்த்தேன். எந்த மாதம்? காற்று எங்கிருந்து? படகு எவ்வளவு ஆழம் கேட்கும்? காற்று பின்னாலிருந்து வந்தால் எதிர்நீரிலும் பாய்க்குப் பாதி வேகம் தருகிறேன். வற்றல் காலத்தில் கழி பிடிக்கும் ஆளுக்கு அரை நாளைக்கு ஒரு பெர்செப்ஷன் டைஸ், அதாவது கண் கூர்மையைச் சோதிக்கும் பகடை. தோற்றால் படகு மணலில் ஏறிவிடும், எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். கனமான இரும்புத் தட்டுக்கவசம் போட்ட பாலடின் வீரன் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளும்போது முதலை வந்தால் ஆட்டம் எப்படிச் சூடு பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கழிமுகத்துக்கு வந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் நீரோட்டத்தின் திசையைத் திருப்பிவிடுகிறேன்.

சரி, உங்கள் 120 மைல். நடந்தால் ஐந்து நாள். மாடு கட்டி இழுத்தால் ஏழெட்டு நாள் என்று வையுங்கள், ஆனால் மூட்டை முடிச்சும் அடிபட்டவர்களும் படகில் உட்கார்ந்து வரலாம். குழு அவசரத்தில் இருந்தால் துறையில் ஒரு கிழப் படகோட்டியை நிறுத்தி, "பத்து நாள் பொறுங்க, காற்று திரும்பும்" என்று சொல்ல வையுங்கள். என் ஆட்டக்காரர்கள் இதுவரை ஒரு தடவைகூடப் பொறுத்ததில்லை.