பரிச்சாராவில் நான்கு பேரும் சண்டை போடாமல் இருக்க

கொலம்பியாவின் பரிச்சாரா பயணத்தில் உங்கள் நால்வரில் இரண்டு பேர் ஊர் போரடிக்கிறது, உடனே பக்கத்து ஊரான சான் ஹில் போய் ராஃப்டிங் (ரப்பர் படகில் ஆற்றுப் பயணம்) செய்யலாம் என்கிறார்கள், மற்ற இரண்டு பேர் பரிச்சாராவிலேயே மூன்று நாளும் இருக்கலாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அறையை ரத்து செய்யாதீர்கள். சான் ஹில் 20 கிலோமீட்டர் சொச்சம்தான், அடிக்கடி சின்ன பஸ் ஓடுகிறது, முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், ஆகவே ஒரு நாள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து இரவு சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளுங்கள். ராஃப்டிங் புதிது என்றால் ஃபொன்சே ஆறு போதும்; சுவாரெஸ் ஆறு ரொம்பவே முரட்டுத்தனம், வீராப்புக்காக அதில் இறங்க வேண்டாம்.

இன்னொரு நாள் நால்வருமாகக் குவானே என்ற சிற்றூர் வரை பழைய கல்பாதையில் நடங்கள். கமினோ ரியால் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். போகும்போது பெரும்பாலும் இறக்கம், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம், ஆனால் நிழல் குறைவு, கல் வழுக்கும், அதனால் காலை ஏழு மணிக்கே கிளம்பி விடுங்கள். பெரிய பையை அறையிலேயே வைத்துவிட்டு தண்ணீரும் தொப்பியும் மட்டும் எடுத்துப் போங்கள். குவானேவில் சின்ன அருங்காட்சியகத்தில் கடல் புதைபடிவங்கள் நிறைய இருக்கின்றன (மலைமேல் கடல் சிப்பி!). திரும்பி ஏற வேண்டாம், பஸ் உண்டு. ஆனால் அடிக்கடி கிடையாது, இறங்கியதும் நேரத்தை விசாரித்து வையுங்கள்.

அப்புறம், வறுத்த எறும்பு விற்பார்கள். ஈசல் வறுத்துத் தின்றவர்களுக்கு அதிர்ச்சி இருக்காது. முடிந்தால் வார நாட்களில் போங்கள், சனி ஞாயிறு வெளியூர்க் கூட்டம், அறை வாடகையும் ஏறிவிடும்.