கேபிளை நிறுத்தலாமா? ஓடிடி சந்தா பற்றிய கேள்வி பதில்

கேபிள், டிஷ் இரண்டையும் விட்டுவிட்டு ஓடிடி சந்தாவை மட்டும் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். நான் கேபிள் ஆபரேட்டர், சில வருடங்களாக ஃபைபர் இணைப்பும் கொடுக்கிறேன். நீங்கள் கேபிளை நிறுத்தினால் ஒரு பக்கம் எனக்குப் போகும், நெட் எடுத்தால் இன்னொரு பக்கம் வரும். அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. ஓடிடி விலைகள் அடிக்கடி மாறும். பணம் கட்டும் முன் அந்தந்த ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து: அண்ணே, கேபிளுக்கு மாதம் 260 ரூபாய், நெட்டுக்கு 590 ரூபாய் கட்டுகிறேன். நெட் எப்படியும் வேண்டும். கேபிளை நிறுத்தி அந்தப் பணத்தில் ஓடிடி எடுத்தால் லாபமா?

தம்பி, அந்த 260 எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது, சேனலே பார்க்காவிட்டாலும் இணைப்புக்காக அதிகபட்சம் 130 ரூபாய் என்று வைத்தார்கள். ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பெரும்பாலான பில் இன்னும் அந்த அளவை ஒட்டியே இருக்கிறது. அதற்கு மேல்தான் கட்டணச் சேனல்கள். ஆக, உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் வெறும் கம்பிக்குப் போகிறது. நெட் எப்படியும் வீட்டில் இருக்கும் என்றால் ஓடிடிக்கு அந்தச் செலவு தனியாகக் கிடையாது. இது ஓடிடி பக்கம் உள்ள உண்மையான லாபம்.

ஆனால் 260 ரூபாய்க்கு எத்தனை ஓடிடி வரும்? ஒன்று. நெட்பிளிக்ஸ் பேசிக் 2021 டிசம்பர் விலைக் குறைப்புக்குப் பிறகு 199 ரூபாய். அமேசான் பிரைம் ஒரு மாதத்துக்கு 299. நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கேபிளை நிறுத்திய முதல் மாதம் ஒன்று எடுப்பார்கள். அப்புறம் ஒரு படத்துக்காக இரண்டாவது, கிரிக்கெட்டுக்காக மூன்றாவது. பிரைம் வருடம் 1,499, ஜியோஹாட்ஸ்டார் பிரீமியம் 2025-இல் வருடம் 1,499, நெட்பிளிக்ஸ் ஸ்டாண்டர்டு மாதம் 499. மூன்றையும் மாதக் கணக்கில் போட்டால் சுமார் 750 ரூபாய். இதில் சன் நெக்ஸ்ட், ஜீ5, சோனி லிவ் எதுவும் சேரவில்லை. கேபிள் ஒரு வீட்டுக்கு ஒரு பில். ஓடிடியில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய ரசனைக்கும் ஒரு பில்.

உங்கள் வீட்டுக்கு எது சரி என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். ஒரு வாரம் செட் டாப் பாக்ஸின் சுவிட்சை அணைத்து வையுங்கள், யார் முதலில் சத்தம் போடுகிறார் என்று பாருங்கள். யாருமே போடவில்லை என்றால் தாராளமாக நிறுத்துங்கள்.

நாமக்கல்லிலிருந்து: எங்கள் வீட்டில் சத்தம் போடப்போவது என் மாமியார். சன் டிவி, விஜய், ஜீ தமிழ் மூன்றிலும் சீரியல் பார்ப்பார். என்ன செய்வது?

சகோதரி, கேபிளை நிறுத்தாதீர்கள். சன் டிவி சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. மூன்று ஆப், மூன்று சந்தா, மூன்று இடத்தில் தேடுவது. சன் டிவியும் கேடிவியும் 2019-இல் தலா 19 ரூபாய் என்று விலை வைத்தன. அந்தக் கணக்கில் மூன்று சேனலுக்கும் கேபிளில் ஆகிற செலவு, மூன்று ஓடிடிக்கும் மாதாமாதம் கட்டுவதைவிடப் பொதுவாகக் குறைவு. தமிழ் சீரியல் பார்க்கிற வீட்டில் கேபிள்தான் மலிவு. இதை நான் கேபிள்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது.

பணத்தைவிட ரிமோட் பெரிய விஷயம். ஆறு மணிக்கு டிவியைப் போட்டால் சீரியல் தானாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அடுத்ததுக்கு ஒரு பட்டன். ஆப் திறந்து, யார் பார்க்கிறார் என்று கேட்டால் பதில் சொல்லி, நேற்று விட்ட இடத்தைத் தேடுவது பெரியவர்களுக்கு அலுப்பான வேலை. பையன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பேக்கைக் குறையுங்கள். பெரிய தொகுப்பை எடுத்துவிட்டு அந்த மூன்று சேனல்களைத் தனியாகப் போடச் சொல்லி உங்கள் ஆபரேட்டரைக் கேளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் அது உங்கள் உரிமை.

திருநெல்வேலியிலிருந்து: கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் டிவி. ஐபிஎல், இந்தியா ஆடும் மேட்ச், உலகக் கோப்பை. எது எடுக்கலாம்?

ஐபிஎல் 2023, 2024 இரண்டு சீசனும் ஜியோசினிமாவில் இலவசமாக வந்ததால் பலர் கிரிக்கெட் என்றாலே ஓசி என்று பழகிவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது, அந்த வருட ஐபிஎல்லே சந்தாவுக்குள் போய்விட்டது. 2023 முதல் 2027 வரைக்குமான டிஜிட்டல் உரிமையை மட்டும் 23,758 கோடிக்கு எடுத்தவர்கள் என்றைக்காவது நம்மிடம் வசூல் செய்துதானே ஆக வேண்டும்.

ஐபிஎல் இரண்டு மாதம். அதற்கு மட்டும் சந்தா எடுத்து நிறுத்திவிடலாம். ஆனால் எல்லா மேட்சும் ஒரே இடத்தில் வராது. 2025 ஆசியக் கோப்பை சோனி லிவ்வில் வந்தது. தொடர் தொடங்கும் முன் யாரிடம் உரிமை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி, தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் ஒளிபரப்பை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. இந்தியா ஆடும் முக்கியப் போட்டிகள் அதில் அடங்கும், ஐபிஎல் அடங்காது. ஆனால் 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் சொந்த டிரான்ஸ்மிட்டரிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று சொல்லிவிட்டது. அதனால்தான் கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்தால் பல நாள் மேட்ச் இருக்காது. என்னிடம் வந்து சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

இன்னொன்று, ஓடிடியில் மேட்ச் அரை நிமிடம் வரை பின்தங்கி ஓடும். பக்கத்து வீட்டில் கேபிள் இருந்தால் விக்கெட் விழுந்தது உங்களுக்கு முதலில் சுவர் வழியாகத்தான் தெரியும்.

கோவையிலிருந்து: வருடச் சந்தா, மாதச் சந்தா, எது லாபம்?

பிரைமை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 299, வருடம் 1,499. ஐந்து மாதம் எடுத்தாலே வருடக் காசு வந்துவிடுகிறது. ஆக, வருடத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் பார்ப்பேனா என்பதுதான் கேள்வி. அமேசானில் அடிக்கடி பொருள் வாங்குகிறவர் என்றால் டெலிவரிக்காகவே வருடச் சந்தா சரி. படத்துக்கு மட்டும் என்றால் யோசியுங்கள். 2025 ஜூனிலிருந்து பிரைம் வீடியோவில் விளம்பரமும் வருகிறது, வேண்டாம் என்றால் மாதம் 129 ரூபாய் கூடுதல். 1,499 கொடுத்துவிட்டு விளம்பரம் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அது என் கருத்து.

நெட்பிளிக்ஸில் வருடச் சந்தாவே கிடையாது. அது நல்லது என்பேன். வேண்டிய மாதம் எடுத்து, வேண்டாத மாதம் விட்டுவிடலாம்.

தமிழ்ப் படங்கள் தியேட்டரில் வந்து சுமார் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வருவது வழக்கம். இந்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன. சில பெரிய தமிழ்ப் படங்களின் இந்திப் பதிப்பு வடக்கே மல்டிபிளெக்ஸில் வராததற்கு அதுவே காரணம். நமக்கு இதில் என்ன என்றால், ஒரு படம் ஓடிடிக்கு வந்துவிட்டால் பொதுவாக அங்கேயே இருக்கும், வந்த அன்றே பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்த ஆப்பில் நாலைந்து படம் சேரும்வரை காத்திருந்து ஒரு மாதம் எடுங்கள். அடுத்த மாதம் இன்னொன்று. எந்த மாதமும் ஒன்றுக்கு மேல் வேண்டாம். கேபிளை விட்டவர்களுக்கு ஓடிடி கட்டுப்படியாவது இப்படிச் சுற்றி வந்தால்தான். ஐந்தையும் வருடக் கணக்கில் எடுத்து வைத்தவர் கேபிள்காரனைத் திட்டியது வீண்.

சேலத்திலிருந்து: மாதாமாதம் நிறுத்த மறந்துவிடுகிறேன் சார்.

எடுத்த அன்றே நிறுத்திவிடுங்கள். நெட்பிளிக்ஸிலும் பிரைமிலும் ரத்து செய்தாலும் கட்டிய காலம் முடியும்வரை ஓடும். யூபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் உங்கள் பேமெண்ட் ஆப்பிலேயே பட்டியல் இருக்கும், அங்கேயும் நிறுத்தலாம். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே செய்தி வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாமல் படியுங்கள்.

திருச்சியிலிருந்து: 999 ரூபாய் நெட் பிளான் எடுத்தால் பத்துக்கு மேல் ஓடிடி இலவசம் என்கிறார்கள். எடுக்கலாமா?

நான் விற்கிற பொருள் என்பதால் கவனமாகச் சொல்கிறேன். இலவசம் என்ற சொல்லை மறந்துவிட்டு, உங்கள் இப்போதைய பிளானுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை ஜிஎஸ்டியோடு பாருங்கள். 599-இலிருந்து 999 என்றால் 400, வரியோடு 472 ரூபாய். அந்தப் பட்டியலில் நீங்கள் உண்மையில் திறக்கப்போவது எத்தனை? இரண்டு என்றால் பெரும்பாலும் தனியாக எடுப்பதே மலிவு. மூன்று, நான்கு என்றால் பிளான் லாபம்.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்த ரகம் என்று கேளுங்கள். மொபைல் ரீசார்ஜோடு வருவது பல நேரம் மொபைல் ரகம், ஃபோனில் மட்டும் ஓடும், டிவியில் ஓடாது. கேபிளை நிறுத்தியவருக்கு அதனால் பிரயோஜனமில்லை.

வேகத்துக்காக என்றால் 999 தேவையே இல்லை. நெட்பிளிக்ஸ் கணக்குப்படி முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 போதும். 40 எம்பிபிஎஸ் லைனில் இரண்டு டிவி தாராளமாக ஓடும். டிவியில் தடங்கி தடங்கி வருகிறது என்றால் பெரும்பாலும் வைஃபை ரூட்டர் இரண்டு அறை தள்ளி இருக்கும். பிளானை ஏற்றும் முன் ரூட்டரை நகர்த்திப் பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து: சென்னையில் மகன் எடுத்த நெட்பிளிக்ஸை இங்கே நாங்கள் பார்த்தோம். இப்போது வேறு வீடு என்று மறுக்கிறது.

ஆமாம் ஐயா, 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நீங்கள் தனியாக எடுக்க வேண்டும் என்றால் 199 பேசிக் போதும். அது 720 தரம், ஒரு நேரத்தில் ஒரு திரை. 32 அங்குல டிவியில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 149 மொபைல் பிளானை எடுத்துவிடாதீர்கள், டிவியில் வராது.

கரூரிலிருந்து: ஒரு குழுவில் 100 ரூபாய்க்கு எல்லா ஓடிடியும் தருகிறார்கள்.

அடுத்தவர் கணக்கின் பாஸ்வேர்டை விற்கிறார்கள். பத்து நாளில் நின்றுபோகும், கேட்க ஆளிருக்காது. வேண்டாம்.

அருப்புக்கோட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து: இங்கே ஃபைபர் இல்லை. மொபைல் நெட்டை டிவிக்குப் போட்டு ஓடிடி பார்க்கலாமா?

எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில் அரை மணி நேரம். தரத்தைக் குறைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி அளவில் ஓட்டலாம், அப்படியும் ஒரு படம் முடியாது. செய்திக்கு மட்டும் என்றால் யூடியூப் நேரலை போதும். தந்தி டிவி, புதிய தலைமுறை, பாலிமர், சன் நியூஸ் எல்லாம் காசில்லாமல் வருகின்றன. பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப்பும் இருக்கிறது, 2024 நவம்பரில் வந்தது, டிடி தமிழ் அதில் கிடைக்கும்.

ஃபைபர் வரும்வரை உங்களுக்குக் கேபிள் அல்லது டிஷ்தான். மாதச் செலவே வேண்டாம் என்றால் டிடி ஃப்ரீ டிஷ். டிஷ், பாக்ஸ் வாங்குகிற காசு ஒருமுறை, அப்புறம் ரீசார்ஜ் கிடையாது. ஆனால் அதில் பெரும்பாலும் இந்திச் சேனல்கள். சன் டிவி வராது. வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.